நாற்பதாம் நாள் ரொட்டி

ருமேனியாவில் வாஸ்லூய் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே நிலப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் திரிஃபோன். அதிகாரிகள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற சட்டம் வந்த புதிதில் ஒரு காப்பித்தூள் பொட்டலத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியவர். இன்னொரு தடவை என்றால் வேலை காலி. அதற்கப்புறம் முட்டை, பிளம் சாராயம், உயிர்க்கோழி என்று யார் எதை நீட்டினாலும் கை தானாகவே மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வீட்டில் பெண்டாட்டி உப்பை நீட்டினால்கூட ஒரு கணம் தயங்குவார். நாளாக ஆக மனசும் அந்தக் கை மாதிரியே ஆகிவிட்டது.

பட்டாளத்தில் அவரோடு ஒரே தட்டில் தின்ற இலரியோன் மார்ச் மாதம் செத்துப்போனான். நாற்பதாம் நாள் காலை அவன் மனைவி சவேத்தா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையகலப் பின்னல் ரொட்டி, அதில் செருகிய மெழுகுவத்தி. அதை மேஜைமேல் வைத்தாள். செத்தவன் பேரில் கொடுப்பதை வாங்கித் தின்றால்தான் அவனுக்கு மேலுலகத்தில் சாப்பாடு என்பது ஊர் நம்பிக்கை. மறுத்தால் அவன் பட்டினி. சட்டம் போட்ட புண்ணியவான்கள் இதை யோசிக்கவில்லை.

"அண்ணே, உங்க சிநேகிதரு குடுக்கிறாரு. வாங்கிக்குங்க."

இலரியோன் வயலை அவள் பேருக்கு மாற்றும் கோப்பு அவர் முன்னால்தான் கிடந்தது.

"வேணாம்மா. உன் ஃபைல் என்கிட்ட இருக்கு. வாங்கினா வேலை போயிடும். வாசல் காவல்காரனுக்குக் குடு."

"அவன் யாரு எவரு? இது உங்க பங்கு. உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. வீட்டுக்குக் கொண்டாரட்டுமா?"

"வீட்டுலயும் நான் அதிகாரிதான்."

"தூங்கறப்பவுமா?"

"தூங்கறப்பவும்தான்."

வரிசையில் நின்ற ஒருவன் குரல் கொடுத்தான்: "பாத்துக்கம்மா, செத்தவரையே நேர்ல வந்து மனுக் குடுக்கச் சொல்லுவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சவேத்தா சிரிக்கவில்லை. ரொட்டியை எடுக்கவும் இல்லை.

திரிஃபோன் அவள் கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

"ஒரு வழி இருக்கு. இந்த ஃபைலை நான் பாக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா வாங்கலாம். ஆனா ஃபைல் மாவட்ட ஆபீசுக்குப் போயிடும். அங்க வரிசையில கடைசி. பேரு மாறாம இந்த வருஷ விவசாய மானியம் உனக்குக் கிடையாது. யோசிச்சுக்க."

"வயல் எங்கயும் ஓடிப்போகாது. அவரு அங்க பசியோட நிக்கிறாரு அண்ணே. எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அவள் மெழுகுவத்தியைக் கொளுத்தி ரொட்டியை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கி, "ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்றார். அவள் பார்க்க நின்றபடியே தின்றார்.

"இனிப்பு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசித் துண்டு வரை மென்று முழுங்கினார். அப்புறம் கோப்பை உறைக்குள் போட்டு, மாவட்ட அலுவலக முகவரியை எழுதி ஒட்டினார்.