ஐஸ்வர்யா கொண்டுவந்த படம்

எங்கள் மீனவ ஊரான பசியாவரத்து நீலமேகத்தின் மகள் ஐஸ்வர்யா, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளின் மரபணுவைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே வாயாடி. படிப்பு ஏறியும் வாய் குறையவில்லை.

போன வருஷம் ஏரியில் இறால் செத்து மிதந்தது. கரையோர இறால் பண்ணையிலிருந்துதான் நோய் வந்தது என்று எல்லோரும் சொன்னோம். "எம் பொண்ணு ஆதாரம் கொண்டாருவா" என்று நீலமேகம் ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். ஏரியில் செத்த இறாலும் பண்ணையில் செத்த இறாலும் அவளிடம் போயின.

முடிவு சொல்லும் நாளில் ஊர்க்கூட்டத்தில் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். மேலே ஏரிக் கிருமி, கீழே பண்ணைக் கிருமி. வண்ணக் கட்டங்களுக்குள் மேடும் பள்ளமும்.

"மேடு ஒசரமா இருந்தா அந்த எடத்துல ரெண்டும் ஒத்துப்போவுது. வெள்ளையா இருந்தா, அதுக்கு இன்னொண்ணுல ஜோடி கெடைக்கல."

படம் முழுக்க மேடுதான்.

"அப்புறம் இன்னா? பண்ணைக்காரன் மாட்டிக்கினான்!" என்று பக்கத்து வீட்டு இருசம்மாள் எழுந்தேவிட்டாள்.

"இல்ல அத்த. ஒத்துப்போவுதுன்னுதான் இது சொல்லும். எங்கேர்ந்து எங்க போச்சுன்னு சொல்லாது. ஏரிலேர்ந்து பண்ணைக்கும் போயிருக்கலாம். இன்னும் நெறைய எடத்து எறா பாக்கணும்."

"இதச் சொல்லவா படிச்ச?" என்று சீறினாள் இருசம்மாள்.

எனக்கும் கோபம்தான், மறைப்பானேன். அவள் ஒரு 'ஆமாம்' சொன்னால் கலெக்டரிடம் மனுவோடு கிளம்பியிருப்போம். அவள் கண் கலங்கியது. சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

நீலமேகம் எழுந்தார். வாக்குக் கொடுத்த மனிதர், முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு படகுல ஒரே மாரி மீனு கெடக்குது. பாத்தவொடனே யாரு யாராண்ட எடுத்தான்னு சொல்லுவியா? எம் பொண்ணு தெரியாதத தெரியாதுன்னு சொல்றா. வுடுங்க."

மறுநாள் அவருக்குப் பாடு. எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட முறை வரும் நாளை அப்படித்தான் சொல்வோம். அதற்காக நாள் கணக்கில் காத்திருப்போம். முதல் வலையில் விழுந்த இறாலை வியாபாரிக்குக் கொடுக்காமல் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு, சென்னைக்குக் கிளம்பி ஐஸ்வர்யா நின்றிருந்த படகுத்துறைக்கு வந்தார்.

"இது முகத்துவாரத்தாண்ட புடிச்சது. இன்னும் எந்தெந்த எடம் வோணும், சொல்லும்மா."

"நைனா" என்றாள் அந்த வாயாடி. பொங்கிப் பொங்கி அழுதாள்.

படகு கிளம்பும் நேரத்தில் இருசம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு டப்பா.

"இந்தாடி, எங்க வலையில வுழுந்தது. எந்த எடம்னு ஒழுங்கா எழுதிக்கோ, மாறிடப்போவுது."