அண்ணன் மாற்றிய ஒரு சொல்

அண்ணன் பிறந்தது தேவாரத்தில். எழுத்துக்காரர் என்று பெயரெடுத்தது சின்னமனூரில், மதினியைக் கைப்பிடித்து அங்கே குடிபோன பிறகு. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்துக் கரையேற்றியதும் அண்ணன்தான். பகலெல்லாம் காய்கறிக் கமிஷன் கடையில் வேலை. மாலையானால் கவிதை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாண வாழ்த்துமடல் அண்ணன் எழுதியதாகத்தான் இருக்கும்.

துக்க வீட்டுக்காரர்கள் அஞ்சலிக் கவிதை கேட்டு வந்தால், "ஆளு எதுக்குச் சிரிப்பாக? மொதல்ல அதச் சொல்லு" என்பார். முகம் சுளித்தவர்கள் உண்டு. "எல்லாரையும் அன்பின் உருவம், பண்பின் சிகரம்னு எழுதுனா, போட்டோவ மாத்தி ஒட்டுனாக்கூட ஒருத்தருக்கும் தெரியாதுப்பா" என்று சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்துவிடுவார்.

எதையும் பாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். குரல் சுமார்தான். தங்கை என்ற உரிமையில் சொல்கிறேன். மகள் அமுதா பிறந்தபோது அவரே தாலாட்டுக் கட்டினார். மதினியின் தம்பி தங்கத் தொட்டில் செய்வதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் திராட்சைக் கூடையோடு வந்து நின்ற கதை அதில் உண்டு.

தங்கத்துல தொட்டிலுன்னு தாய்மாமன் சொன்னாக
திராட்சைக் கூடையத்தான் தூக்கிக்கிட்டு வந்தாக
கூடைக்குள்ள தூங்குனாலும் கொறையொண்ணும் இல்லம்மா
கண்மணி அமுதா நீ கண்ணுறங்கு

அமுதாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டன. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது 'மாமா' என்கிற ஒரே சொல். காபி கேட்டாலும் மாமா, டாக்டரைப் பார்த்தாலும் மாமா. "இத்தன வருசமா நான் கூப்பிட்ட பேர எனக்கே திருப்பித் தாராக" என்று மதினி சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டார். பேனாவைக் கொடுத்தால் கோடுதான் இழுத்தார். பார்க்க வந்தவர்கள் மதினியிடம் பேசிவிட்டு, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் எங்கள் அண்ணன் அந்த உடம்புக்குள் இன்னும் இருக்கிறாரா என்ற பயம் எனக்கும் இருந்தது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அந்தத் தாலாட்டை முணுமுணுத்தேன். அண்ணன் கூடவே பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. அமுதாவின் பெயரும் வந்தது. டாக்டரிடம் ஓடினோம். "பேச்சு போனாலும் பழைய பாட்டு வரும்மா. அது பழக்கம். புரிஞ்சு பாடுறார்னு சொல்ல முடியாது" என்றார். நல்ல டாக்டர்தான். அண்ணனோடு பழகியவரில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் கோம்பையில், மாப்பிள்ளை ஊரில். தாலி கட்டியதும் வாழ்த்துமடலை மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். யாரிடமாவது எழுதி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அமுதா சம்மதிக்கவில்லை.

"அப்பா பாடட்டும் அத்தே."

"தாலாட்டையா? கல்யாண வீட்டுல சிரிப்பாகளே ஆத்தா."

"சிரிக்கட்டும். அப்பா சிரிக்கத்தான எழுதுனாக."

மைக்கைக் கொடுத்ததும் அண்ணன் "மாமா" என்றார். முன்வரிசையில் சிலர் தலைகுனிந்துகொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று மெட்டை எடுத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். திராட்சைக் கூடை வந்ததும் மண்டபமே சிரித்தது. தாய்மாமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் எப்போதும் போலச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்த வரிக்குப் போனார்.

"கண்மணி அமுதா நீ" என்று பாடிவிட்டு நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அண்ணன் மகளைப் பார்த்தார்.

"போயி வா" என்று முடித்தார்.

பழக்கத்துக்குச் சொல்லை மாற்றத் தெரியாது. எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அமுதா மாலையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன்.

அதன்பிறகு சில மாதங்களே அண்ணன் எங்களோடு இருந்தார். போன வருடம், ஒரு காலை நேரத்தில், மதினி தலைமாட்டில் இருக்கும்போதே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கேட்ட, கவிதை எழுதும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அடுத்த வாரமே வீடு தேடி வந்தீர்கள். மதினியைத் தாண்டிப் போய் அண்ணனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் கவிதைகளை வாசித்துக் காட்டி, "நல்லாருக்கா?" என்று கேட்டீர்கள். அவர் தலையாட்டாத வரிகளை அங்கேயே அடித்துத் திருத்தினீர்கள். எங்கள் அண்ணன் கடைசிவரை எழுத்துக்காரராகவே வாழ்ந்தார். உங்களுக்கு நன்றி.