மேசையைக் கடைசியில் விற்கலாம்

காலைக் காப்பி நேரத்தில் ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து எங்கள் விற்பனை வாட்ஸப் குழுவுக்குப் படம் வருவது வழக்கம். அன்றும் வந்தது. எதில் கீறல், எதில் கைப்பிடி இல்லை என்று பார்க்கலாமென்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்தேன். திரையில் ஸ்டெல்லாவின் முகம் இருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். ஸ்டுடியோக்காரர் முகச் சுருக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் பின்னால் நீல வானத்தை ஒட்டியிருந்தார். கீழே அவருடைய கணவர் ஜார்ஜ் எழுதியிருந்தார்: ஸ்டெல்லா இன்று விடியற்காலையில் இறைவனில் இளைப்பாறினார்.

இப்படிப் பளபளவென்று ஒரு படத்தைப் போட ஸ்டெல்லா விடமாட்டாரே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சிக்கந்திராபாத்திலும் குகட்பள்ளியிலும் இதைப் படிக்கிற பல வீடுகளில் அவர் கைபட்ட பீரோவோ, மிக்ஸியோ, நாற்காலியோ இருக்கும். ஸ்டெல்லாவும் நானும் பழைய வீட்டுச் சாமான்களை இணையத்தில் விற்கும் தொழிலை வீட்டிலிருந்தபடியே சேர்ந்து நடத்தினோம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் என் வாடகை வீடுதான் கிடங்கு. கூவி விற்கும் குரல் அவருடையது. எந்தப் பொருளானாலும் அதன் குறையைத்தான் முதல் படமாகப் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். முழுப் பொருளின் படம் அதற்குப் பிறகுதான் வரும். நேரில் நாங்கள் நீ, வா, போ. தமிழ்ச் சங்க மலரில் அச்சாகப் போகிறதே என்று ‘அவர்’ போட்டு எழுதுகிறேன். படித்திருந்தால், யார் அந்த அம்மா என்று என்னிடமே கேட்டிருப்பார்.

அவர் சட்டப்படியே அவருடைய குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கு வர மாட்டார். கச்சிபௌலி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாகப் போனில் சொல்லும்போது பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். தெரு முனையில் பேசினால் மாடியில் கேட்கும் தொண்டை. யார் வீட்டுக்குப் போனாலும், அது துக்க வீடே ஆனாலும், உட்காருவதற்கு முன்னால் சோபாவின் அடியில் கைவிட்டு ஸ்பிரிங் எப்படி என்று பார்த்துவிடுவார். உடம்புக்கு ஏதாவது என்றால் மூச்சு விட மாட்டார். இந்தக் கடைசிக் குறைக்காக நான் அவரிடம் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை, அதற்குள் போய்விட்டார்.

அவரை நான் முதலில் பார்த்தது என் வீட்டைக் காலி செய்ய வந்தவராக. என் கணவர் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திடீரென்று ஒருநாள் நெஞ்சு வலி, அதோடு முடிந்தது. காரியங்கள் முடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அண்ணன், சாமான்களை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அக்கறையில் சொன்னதுதான். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் ரம்யா மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் தமிழில் கேட்பதற்குத் தெலுங்கில் பதில் சொல்கிற பெண் அவள். தமிழில் தன் பெயரை எழுதக்கூட யோசிப்பாள். அண்ணன் வீட்டு மாடியறை, அண்ணன் பார்த்துச் சேர்க்கிற பள்ளிக்கூடம் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுச் சாமான்களையெல்லாம் படமெடுத்து விளம்பரம் போட்டுவிட்டேன்.

மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று டிராலி ஆட்டோவோடு வந்தவர் ஸ்டெல்லா. வந்ததும் வராததுமாகப் பீரோக் கதவு சரியாக மூடவில்லை, கட்டில் ஆடுகிறது, ஃப்ரிட்ஜ் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து படமெடுத்தார். விலையைக் குறைக்கத்தான் இந்த நாடகம் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. வேணும்னா எடுங்க, குத்தம் சொல்லதுக்கா வந்தீங்க என்று கேட்டேவிட்டேன். வாங்குகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டுமே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார். அதன் நடுவில் கருகிய வட்டம் ஒன்று உண்டு. மேசை வாங்கிய புதிதில் என் கணவர் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே அதன் மேல் வைத்துவிட்டார். அதைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வட்டத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “கைக்கு போறீங்க?” என்று கேட்டார். ஏன் போகிறீர்கள் என்பதைச் சிக்கந்திராபாத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நான் பதில் தேடுவதற்குள் அறைக்குள்ளிருந்து ரம்யா, தான் வரப்போவதில்லை என்று தெலுங்கில் கத்தினாள்.

“பாப்பா நக்கோன்னு சொல்லுது” என்றார் ஸ்டெல்லா. நக்கோ என்றால் வேண்டாம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அது தணிவது அபூர்வம் என்று பிறகுதான் தெரிந்தது, சொன்னார்: “போறதுன்னா போங்க, நான் தடுக்கலை. ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல வித்தா ஒண்ணுத்துக்கும் மதிப்பு இருக்காது. ஒவ்வொண்ணாப் போடலாம். மேசையைக் கடைசியில விக்கலாம். அது போனதும் நீங்களும் போங்க.”

டிராலி ஆட்டோ காலியாகத் திரும்பியது. ஓட்டி வந்தவர் உருதுவில் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பீரோதான் முதலில் போனது. மூடாத கதவின் படத்தை முதலில் போட்டு, ஓரத்தில் மடித்த காகிதம் வைத்தால் நிற்கும் என்று எழுதினோம். வாங்க வந்த மனிதர், இத்தனை விளம்பரம் பார்த்ததில் இது ஒன்றைத்தான் நம்ப முடிந்தது என்றார். கட்டில் போனது, சோபா போனது. முன்னறை வெறுமையானதும், அங்கே தங்கள் சாமானைக் கொண்டுவந்து வைத்து இதேபோல விற்றுத் தர முடியுமா என்று பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு முன்னறை வெறுமையாக இருந்ததே இல்லை. ஐடி வேலைக்காரர்கள் ஊர் மாறுவதும் வெளிநாடு போவதும் ஓயாத நகரம் இது. வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தவள், வீடு நிறைய அடுத்தவர் சாமானோடு உட்கார்ந்திருந்தேன். ரம்யா படித்துக்கொண்டிருந்த மேசை பரீட்சைக்கு முன்னால் விலைபோய்விட, அவள் ஆங்கிலத்தில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாள். பொருட்களைத் துடைப்பது, பொதிவது, கணக்குப் பார்ப்பது, சாப்பிடுவது, படிப்பது எல்லாம் அந்தக் கருகிய வட்டத்தைச் சுற்றித்தான் நடந்தன.

கச்சிபௌலியில் ஓர் உயரமான அடுக்ககத்துக்குத் தொட்டில் கட்டில் எடுக்கப் போனோம். வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த இளம் தம்பதி. கட்டிலின் மேல்கம்பி முழுக்கக் குழந்தை கடித்த பல் தடம். தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடுங்களேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்தப் பெண் வெட்கப்பட்டாள். ஸ்டெல்லா கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் பல் தடத்தைக் கிட்டப்போய்ப் படமெடுத்தார். லிஃப்டில் இறங்கும்போது நான் கோபித்துக்கொண்டேன், அவர்கள் பொருள், அவர்கள் இஷ்டம் அல்லவா என்று. “நல்லதை அவங்களே பாத்துப்பாங்க வசந்தி. கெட்டதை நாமதான் சொல்லணும்” என்றார். கட்டிலைப் பார்க்க நிறைமாதப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். பல் தடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அந்தக் குழந்தைக்கு அப்போது எத்தனை மாதம் என்று கேட்டாள். பெயிண்ட் ஏதும் அடிக்காமல் அப்படியே வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்பார். மேசை இன்னும் விக்கலண்ணே என்பேன். ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்த பதில்தான். முதலில் அது உண்மையாகவே காரணமாக இருந்தது. நாளாக ஆக எங்களுக்குள் கேலியாகிவிட்டது. மேசைக்கும் விளம்பரம் போட்டுத்தான் வைத்திருந்தோம். யாராவது விசாரித்தால் ஸ்டெல்லா அந்தக் கருகலை எவ்வளவு நெருங்கிப் படமெடுத்து அனுப்புவார் என்றால், வீடே தீப்பிடித்து மிஞ்சிய மேசை போல இருக்கும். கேட்டவர்கள் அதோடு காணாமல் போவார்கள். அவர் சட்டத்துக்குள்ளேயே நின்று அவர் செய்த ஒரே தில்லுமுல்லு அது.

ஒருவர் மட்டும் அதற்கும் அசரவில்லை. ஓய்வுபெற்ற தமிழர். நேரிலேயே வந்து மேசையைத் தட்டிப் பார்த்து, அசல் தேக்கு, கருகலை இழைத்து எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல விலையும் சொன்னார். விளம்பரம் போட்டது நாங்கள். இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? ரம்யா புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாதான் வாயைத் திறந்தார்.

“இன்னொரு குறை இருக்கு சார். அது படத்துல வராது. இதை வித்தா இவங்க ஊருக்குப் போயிடுவாங்க.”

அந்தப் பெரியவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரம்யா தமிழில் பேசினாள். “நாம போகல இல்ல?” என்றாள். போகவில்லை என்றேன். அப்படி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருப்பது, என் மகள் இங்கேயே கல்லூரி முடித்து வேலைக்குப் போவது, யாருடைய மாடியறையிலும் நான் ஒண்டாமல் இருப்பது எல்லாம் ஸ்டெல்லாவால்தான். இதை நான் அவரிடம் சொல்ல முயன்றபோதெல்லாம், அந்த மிக்ஸி ஜாரைத் துடைச்சியா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போன அன்று, கட்டில் சக்கரம் ஒன்று சிக்கியிருப்பதைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார். இதை யாராவது விற்றால் முதல் படம் இதுதான் என்று எனக்குக் காட்டினார். சிரித்தேன். அவருக்கு எவ்வளவு முடியாமல் இருந்தது என்று அப்போதும் அவர் சொல்லவில்லை.

அவர் போன அன்று நானும் ரம்யாவும் சிக்கந்திராபாத் வீட்டுக்குப் போனபோது தெருவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார நாற்காலி இல்லை. எப்படி இருக்கும்? வந்த நாற்காலியையெல்லாம் விற்றுவிடுகிறவர் வீடு அது. வாடகை நாற்காலிகள் வரத் தாமதமாகும் போலிருந்தது. ஜார்ஜ் வயதானவர்களைப் பார்த்துக் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒருவர் ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆபீஸ் நாற்காலி உருண்டு வந்தது. பிறகு மடக்கு நாற்காலிகள், ஒரு சாய்வு நாற்காலி, மரப் பெஞ்சு ஒன்று. எல்லாம் ஸ்டெல்லாவிடம் வாங்கியவை. எனக்கு ஒவ்வொன்றையும் அதன் குறையைக் கொண்டே அடையாளம் தெரிந்தது.

அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. கொண்டுவந்தவர்கள் யாரும் வெறுமனே உட்காரச் சொல்லவில்லை. “உக்காருங்கம்மா, வலது கை மட்டும் ஆடும்” என்றார் பிரம்பு நாற்காலிக்காரர். ஆபீஸ் நாற்காலியைப் பங்குச் சாமியாருக்குப் போட்ட பெண், “ஃபாதர், இது மெதுவா கீழ இறங்கும், பயப்படாதீங்க” என்றாள். அது இறங்கவும் செய்தது. பெஞ்சைக் கொண்டுவந்த இளைஞன் தெலுங்கில், அந்த ஓரத்தில் ஆணி இருக்கிறது, சேலை மாட்டும் என்று இரண்டு முறை சொன்னான். ஸ்டெல்லா உள்ளே படுத்திருக்கிறார். வெளியே தெரு முழுக்க அவர் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. அங்கேதான் நான் உடைந்துபோனேன். ரம்யா என்னைப் பிடித்து, வலது கை ஆடும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் போன் செய்தார். பல வருடங்களாக அவர் கேட்பதை விட்டுவிட்டிருந்தார். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது, குரல் நடுங்கியது. நானோ மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, முதலில் குறையைச் சொல்லத் தெரிந்த வாயும், அவர் விற்கவிடாத இந்த மேசையும்தான். அதன் மேல் மூடி உடைந்த ஒரு கிரைண்டர் இருந்தது. உடைந்த மூடியைத்தான் அப்போது படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பிள்ளையும் போயிட்டா. இனி அங்க கெடந்து என்ன செய்யப் போற? வந்திரு” என்றார் அண்ணன்.

“மேசை இன்னும் விக்கலண்ணே.”

“இத்தன வருசமா ஒருத்தருமா கேக்கல?” என்றார்.

“கேக்காங்க. அதுல ஒரு குறை இருக்கு” என்றேன்.