பெயரை மறைத்த பிளாஸ்திரி

எஸ்தர் மேடம் காலமான செய்தி வந்தபோது, கண் ஸ்கேன் மெஷினில் ஒருவருடைய முகவாயைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து மேடத்தின் மகள் போனில் பேசினாள். "காலையில பேப்பர் படிச்சிட்டு இருந்தாங்க அக்கா. அப்படியே சாய்ஞ்சிட்டாங்க." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பாக நினைக்காதீர்கள், கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. கடைசிக் காலையிலும் பேப்பர் படித்திருக்கிறார். அது ஏன் நிம்மதி என்று, அவரை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தாம்பரத்தில் எங்கள் சிறிய கண் ஆஸ்பத்திரியில் அவர் விழித்திரை டாக்டர். நான் ஸ்கேன் எடுப்பவள். ஆபரேஷன் ஆனவர்களின் ஸ்கேனைப் பார்த்து, பார்வை எவ்வளவு திரும்பும் என்று மேடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஸ்கேனில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அது அறுபடாமல் இருந்தால் நல்ல செய்தி. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் மானிட்டரில் பெயர் வரும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும். வயதையும் தொழிலையும் மட்டும் நான் சொல்லலாம். துடைக்கிறவர் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டால் அன்று ஆஸ்பத்திரியே அதிரும். "பேரு தெரிஞ்சா முகம் ஞாபகம் வரும் கலா. முகம் வந்தா ஆசை வந்துடும். அப்புறம் இல்லாத கோடும் இருக்கற மாதிரி தெரியும்" என்பார்.

பம்மலிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வந்தார். "இன்னா மேடம், கண்ணு வந்துடுமா?" என்று கேட்டார். "முகம் தெரியும். ஆனா வண்டி ஓட்ற அளவுக்கு வராது" என்றார் மேடம், முகத்தில் அடித்தாற்போல. "பேஜாராத்தான் கீது மேடம். ஆனா இத்த ஒர்த்தரும் சொல்லாம இஸ்துகினே இருந்தாங்கோ. இனிமே வேற பொயப்பு பாக்கலாம்" என்று ஆட்டோக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு மேடத்துக்கே கண்ணில் கோளாறு வந்தது. ரத்தக்குழாய் அடைத்து இடது கண் மங்கியதால், அவர் ஆபரேஷன் செய்வதை, தையல் போடுவதை எல்லாம் ஏற்கெனவே விட்டிருந்தார். வலது கண்ணை நம்பித்தான் ஸ்கேன் பார்த்தார், படித்தார். அந்தக் கண்ணின் விழித்திரை நடுவிலேயே ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் செய்தவர் அவருடைய பழைய மாணவர். "நல்லா வந்துடும் மேடம்" என்றார். "அவன் எனக்குப் பயந்து சொல்றான்" என்று மேடம் ஒதுக்கிவிட்டார். நான் சொன்னதையும் நம்பவில்லை. "என் ஸ்கேனை நானே பார்த்தா பொய்தான் தெரியும்" என்று பார்க்கவும் மறுத்தார். ஊரையே அதட்டிய மனுஷி, இனி படிக்கவே முடியாது என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் துக்கமாகவும் இருந்தது.

ஒருநாள், ஒரு ஸ்கேனில் சந்தேகம் என்று கூப்பிட்டேன். பெரிதாக்கிக் காட்டினேன். மூக்கு மானிட்டரில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"என்ன வேலை?"

"தையல், மேடம். இப்ப விட்டுட்டாங்க" என்றேன், வாய் கூசாமல். முழுப் பொய்யும் இல்லை.

வெகுநேரம் பார்த்தார். "ஓட்டை மூடியிருக்கு. கோடு அறுபடலை. மெல்லத்தான் வரும். நுணுக்கமான தையல் முடியாது. ஆனா தினம் பேப்பர் படிப்பாங்க. பயப்பட வேணாம்னு போய்ச் சொல்லு."

"சொல்லியாச்சு மேடம்" என்று பிளாஸ்திரியைப் பிய்த்தேன்.

தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன். "அப்ப நெஜமாத்தான் இருக்கும்" என்றவர், வாய்விட்டு அழுதார். கண்ணைக் கசக்கக் கூடாது என்று அன்று அவரை அதட்டியது நான்தான். சில மாதங்களில் பேப்பரின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டி என்னைப் பழிதீர்த்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஸ்கேனைப் பார்த்துப் பார்வை எவ்வளவு வரும் என்று கணிக்கிறது. அதற்கு யார் முகமும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அதனால் அவர் விட்டுப்போனதில் பிளாஸ்திரியை நான் வைத்துக்கொள்கிறேன். புது மானிட்டரிலும் ஒட்டியிருக்கிறேன்.

மேடத்தின் மகளிடம் பேசிவிட்டு, காத்திருந்தவருக்கு ஸ்கேனை எடுத்து முடித்தேன். கோடு அங்கங்கே அறுந்து தெரிந்தது. என் கண்ணில் நின்ற நீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முழுசாக இருந்தது.