உறவினர் அல்லாத ஒருவர்

‘பயிற்சியற்ற தினக்கூலி’ என்று முத்துச்சிப்பி ஆய்வுக்கூடத்தின் வருகைப் பதிவேடு குறிப்பிடும் இனிகோ, ஈரத் தலையோடு நின்று ஒரு கண்ணாடிச் சாடியின் பெயர்ச்சீட்டைத் திருத்திக்கொண்டிருப்பான். லத்தீன் பெயரில் ஓர் எழுத்து குறைந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. விலங்கியலில் பட்டம் வாங்கியவன். சாடியில் கிடக்கும் சிப்பியை எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி, ஆழத்தில் மூச்சடக்கி எடுத்து வந்தவனும் அவன்தான். அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நீச்சல் தெரியாது.

ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டான். இரண்டும் ஏழாம் கட்டத்தில் செத்தன. ‘விண்ணப்பதாரரை நன்கறிந்த, உறவினர் அல்லாத ஒருவர்’ என்று அச்சிட்ட கட்டம் அது. இரண்டு முறையும் அவன் எழுதிய பெயர் ரோச், மனைவியின் அண்ணன்.

அவன் ஊரான திரேஸ்புரத்தில், கடலில் முக்குளிப்பவனின் கயிற்றைப் படகிலிருந்து மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியை நினைத்தாவது கை நழுவாது என்று நம்பிக்கை.

தலைமை எழுத்தர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். அவருக்கு அலுவலக விதியும் வேதம்தான். “ஏலே, ஒறவில்லாத ஆளுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீ படிச்சவன்தானா?”

“ஒறவில்லாதவனுக்கு என்னை எப்பிடி அண்ணாச்சி ‘நன்கு’ தெரியும்?”

“வார மாசம் ஒனக்கு வயசு இருபத்தஞ்சு முடியுது. பெறகு விண்ணப்பப் பாரமே கெடையாது, பாத்துக்க.”

ரோச்சுக்கு இரண்டு பக்கமும் வருத்தம். “என் பேரைப் போட்டே கெட்டுப்போறான்,” என்பான். மறு நிமிஷமே, “பேரை எடுத்தா கயித்தையும் விட்டுருவேன், சொல்லிட்டேன்,” என்பான்.

கடைசியில், கல்லூரியில் அவனுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் சிவசுப்பிரமணியன், “என் பெயரைப் போட்டுக்கொள்ளப்பா,” என்றார். எல்லோருக்கும் நிம்மதி, இனிகோவைத் தவிர. “அவரு என் மார்க்கைத்தான் அறிஞ்சிருக்காரு. ‘நன்கறிந்த’ன்னு எப்பிடி எழுத?”

விண்ணப்பத்தின் கடைசி நாள் காலையில் பேராசிரியரைப் படகில் ஏற்றிவிட்டான். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான அவர் ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவர். கயிற்றைக் கையில் கொடுத்ததும், “எப்போது இழுப்பது?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவை சுண்டுவேன் சார். சுண்டுன ஒடனே இழுக்கணும். யோசிக்கப்பிடாது.”

வாழ்நாளெல்லாம் யோசிப்பதற்கே சம்பளம் வாங்கிய மனிதர் அவர். படகின் மறுகோடியில் ரோச் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கண் மட்டும் கயிற்றைவிட்டு அகலவில்லை.

இனிகோ மூழ்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது. வெகுநேரம் கயிறு சும்மா கிடந்தது. பிறகு இரண்டு முறை சுண்டியது. பேராசிரியர் யோசிக்கவில்லை. உள்ளங்கை உரிய உரிய இழுத்தார்.

மேலே வந்தவன் மூச்சு அடங்குமுன் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினான். ஈரக்கையை ரோச்சின் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஏழாம் கட்டத்தில் பேராசிரியரின் பெயரை எழுதினான்.