மச்சான் தூக்கிய பை

வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது காசு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரான எனக்கு வெள்ளியும் திங்களும் விடுப்புக் கிடைத்ததே பெரிய காரியம். மதுரைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். தூத்துக்குடியில் பல தேசத்து கோல்ஃப் வீரர்கள் ஆடும் போட்டி நடக்கிறதாம். கூட வரும் மனைவிமார் என்ன உடுத்துகிறார்கள், நம் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பெண்கள் பகுதிக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம். பதினெட்டு வருஷமாக வெயிலில் விசில் ஊதிக் கொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆட்டத்தைத்தான் எழுதுவேன், போட்டால் போடட்டும் என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

வல்லநாடு தாண்டியதும், என்னைத் தெரிந்த கண்டக்டர் பேச்சுக் கொடுத்தார்.

“பந்தாட்டம் பாக்கவா டீச்சர்? அது உப்பளத்துக்கு அங்கிட்டுல்லா நடக்கு. கொழும்புல ஆடிட்டு வந்திருக்கானுவ. அடுத்தாப்புல கல்கத்தாவாம். நடுவுல நம்ம ஊரு.”

“நம்ம ஊர் ஆள் யாரும் ஆடுகிறார்களா?”

“ஒருத்தன் ஆடுதான். லாசர். சங்கு குளிக்கப் போற பய. ஆனா அவன இன்னைக்கு விடுவானுவளோ என்னமோ.”

ஏன் விடமாட்டார்கள் என்று கேட்பதற்குள் வாகைக்குளத்தில் கூட்டம் ஏறிவிட்டது. எட்டு மணிக்குத் தூத்துக்குடி. கடைத்தெருவில் இரண்டு தோசை, ஒரு காப்பி. அங்கிருந்து கடலோரமாகப் பத்து கிலோமீட்டர், குதிரை வண்டிக்கு மூன்று ரூபாய். இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம், தூரத்தில் புதுத் துறைமுகத்தின் பளுதூக்கிகள், காற்றில் கருவாட்டு வாசம்.

காலை ஒன்பதே கால். ஆலை அதிகாரிகளின் கிளப் அது. உடைமரக் காட்டை வெட்டி ஒன்பது குழி போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு அதையே இரண்டு முறை சுற்ற வேண்டும். யார் குறைந்த அடிகளில் மூன்று நாளையும் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. வேறு ஊர்களில் குழியைச் சுற்றிப் புல் விரிப்பு இருக்குமாம். இங்கே புல்லுக்கு எங்கே போவது? கடல் மணலில் கப்பல் கழிவு எண்ணெயைக் கலந்து, உருளை விட்டுச் சமமாக்கிய கருப்புத் தளம். பந்தை உருட்டுமுன் அதன் பாதையில் ஈரச் சாக்கை இழுத்துத் துடைத்துக் கொள்ளலாம், அது அனுமதி.

வாசலில் கிளப் செயலாளர், கழுத்துப் பட்டையும் வியர்வையுமாக நின்றார். “லேடீஸ் பந்தல் அந்தப் பக்கம் மேடம். டீ, கேக் எல்லாம் இருக்கு.”

“நான் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு நேராக மைதானத்துக்குள் நடந்தேன். அவருக்கு என்னைத் தடுக்க நேரமில்லை, முதல் குழிக்குப் பக்கத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

சண்டைக்கு நடுவில் இரண்டு பேர். லாசருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், கரிய உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சங்கு குளிக்காத மாதங்களில் கிளப்பில் மணல் தளம் போடும் வேலைக்கு வந்து, மட்டை பிடித்து, இப்போது அதிகாரிகளுக்கே சம்பளத்துக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவர். பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன் அந்தோணி, தோளில் மட்டைப் பை. பை தூக்கும் ஆட்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்துக் கொடுப்போம், சொந்தக்காரர் கூடாது என்கிறார் செயலாளர். மச்சான் இல்லாமல் ஆட மாட்டேன் என்கிறார் லாசர்.

“ஏன் இந்தப் பிடிவாதம்?” என்று, நான் யார் என்பதையும் சொல்லி, அந்தோணியிடமே கேட்டேன்.

“டீச்சர், கடலுக்குள்ள முங்குதவன் இடுப்புல கயிறு இருக்கும். மேல வள்ளத்துல அந்தக் கயித்தப் பிடிக்கவன் அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவனாத்தான் இருக்கணும். வேற யாரு பிடிச்சாலும் ஒரு நிமிசம் அசந்துருவான். தங்கச்சி தாலி நம்ம கையில இருக்குன்னா அசருவமா? பதினாலு வருசமா இவன் கயித்த நான் பிடிக்கேன்.”

“இங்கே கடலில்லையே?”

“எனக்கும் அது தெரியும். அவன்கிட்டச் சொல்லுங்க.”

லாசர் காதில் விழுந்துவிட்டது. “கீழ இருக்கவனுக்கு மேல நடக்கது தெரியாது டீச்சர். மட்டையப் பிடிச்சுக் குனிஞ்சிட்டா எனக்கு அப்படித்தான். காத்து, தூரம் எல்லாம் மச்சான்தான் சொல்லணும். வேற ஆளு சொன்னா என் கை நம்பாது.”

எங்கள் தாமிரபரணிக் கரையில் மச்சான் உறவு வாய்க்கால் தண்ணீர் வழக்கில்தான் முடியும். எனக்கு இது புதிதாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டி, ஐந்து நிமிடத்தில் லாசரின் பெயரை அடிக்கப் போவதாக அறிவித்தார். அடித்தால் லாசருக்குப் பெரிய நஷ்டம். போட்டியில் ஆடும் இந்தியரில் முதலாவதாக வருகிறவருக்குச் சிங்கப்பூர்ப் போட்டியில் இடமும் பயண டிக்கெட்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. சங்குப் படகிலிருந்து வெளியேற அவருக்கு வேறு கதவு கிடையாது.

அப்போது சொல்லிவைத்ததுபோல ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியரின் பையைச் சுமந்து நின்ற ஆள் அதை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார். அடுத்து ஜப்பானியரின் பை இறங்கியது, பிறகு தைவான்காரருடையது. முப்பத்திரண்டு பைகளும் மணலில் வரிசையாகப் படுத்துவிட்டன. சாக்கு இழுப்பவர்களும் சாக்கைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்து கொண்டார்கள். எல்லோரும் லாசரின் கடற்கரைத் தெரு ஆட்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை. உலகம் சுற்றும் வீரர்கள் தரையில் கிடந்த தங்கள் பைகளைப் பார்த்தபடி விழித்தார்கள். நாலாவது நிமிடம் செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எனக்கு விசில் ஊத வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை மாலை நாலு மணி. இரண்டு நாள் ஆட்டத்தில் நான் கண்டது இதுதான்: எண்ணெய் மணல் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை. பெரிய கோப்பைகள் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் மூன்றடி தூரத்துப் பந்தை நாலு முறை தட்டினார். தைவான்காரர் மட்டும் சலனமில்லாமல் முன்னால் போய்க் கொண்டிருந்தார். லாசர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்தோணியைப் பார்ப்பார், அந்தோணி கடலைப் பார்ப்பார், பிறகு பையிலிருந்து ஒரு மட்டை வரும். இந்தியரில் லாசர் முதலிடம், அவரைவிட மூன்று அடிகள் கூடுதலாக அடித்து அடுத்த இடத்தில் கல்கத்தாக்காரர் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை. பதினாறாவது குழி கடலை ஒட்டியது. லாசரின் பந்து குழிக்கு முன்னாலிருந்த மணல் பள்ளத்தில் விழுந்தது. அந்தோணி பள்ளத்தில் இறங்கி, குனிந்து, ஒரு சிட்டிகை மணலை அள்ளி விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார்.

“அடியில ஈரம் இருக்கு மாப்ள. கொஞ்சம் அழுத்தியே அடி.”

கரையில் பிறந்தவர்கள் வள்ளம் தள்ளுமுன் தினமும் செய்கிற காரியம். ஆனால் கூட ஆடிய ஆஸ்திரேலியர் தயக்கத்தோடு கையை உயர்த்தினார். நடுவர் வந்தார், புத்தகம் திறந்தது. அடிப்பதற்கு முன் பள்ளத்து மணலை ஆட்டக்காரரோ பை தூக்குகிறவரோ சோதித்துப் பார்க்கக் கூடாது. தண்டனையாக லாசரின் கணக்கில் இரண்டு அடி கூடும். குழியைச் சுற்றிய மணலைச் சாக்குப் போட்டுத் துடைக்கலாம், பள்ளத்து மணலை விரலால் தொடக் கூடாதாம். மணலுக்குள்ளுமா தீட்டு?

அந்தோணியின் முகம் செத்துவிட்டது. பையை இறக்கினார். “நான் போறேன் மாப்ள. என்னாலதான். நீ ஆடு.”

செயலாளர் லாசரை ஒதுக்கி அழைத்துக் காதோரம் பேசினார். நான் வெட்கமில்லாமல் பக்கத்தில் போய் நின்றேன். “என் அனுமதி இல்லாமல் அவனாகச் செய்தான், அவனை நீக்கிவிட்டேன் என்று எழுதிக் கொடு. கமிட்டியில் பேசி இரண்டு அடியையும் எடுத்துவிடப் பார்க்கிறேன்.” விதியில் அப்படி ஓர் ஓட்டை இருக்கிறதா, எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இறங்கிய முப்பத்திரண்டு பைகளுக்கு அவர் பதில் சொல்லத் துடித்தார் என்பது மட்டும் தெரிந்தது.

லாசர் நேராக நடுவரிடம் போனார். “ரெண்டு அடியையும் போட்டுக்கிடுங்க சார். தப்பு நடந்தது நெசம்.” பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். “பையத் தூக்கும். என்னையக் கீழ விட்டுட்டுக் கயித்தப் போட்டுட்டுப் போவீரா?”

அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினார்.

மாலை மூன்றரை. கடைசிக் குழி. கல்கத்தாக்காரர் ஆட்டத்தை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாசர் மூன்று அடியில் குழியில் போட்டால் அவரை ஓர் அடியில் முந்தலாம். நாலானால் சமம், சமமானால் கமிட்டி தீர்மானிக்கும். அந்தத் தீர்மானம் என்னவாக இருக்கும் என்று குதிரை வண்டிக்காரருக்குக்கூடத் தெரியும். இரண்டாவது அடியில் பந்து கருப்புத் தளத்தில் ஏறி, குழிக்குப் பன்னிரண்டடி தூரத்தில் நின்றது.

அந்தோணி ஈரச் சாக்கை எடுத்தார். பந்திலிருந்து குழிவரை ஒரே இழுப்பு. பின்னால் வந்து லாசரின் தோளுக்கு மேலாகப் பார்த்து, “வலது ஓரம், ஒரு விரக்கடை” என்றார். லாசர் குழியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பந்து மெதுவாக உருண்டது, குழியின் வலது ஓரத்தைத் தொட்டது, உள்ளே விழுந்தது. உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும் எங்கள் சத்தம். ஓர் ஆலை அதிகாரியின் மனைவி லேடீஸ் பந்தலிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

கோப்பை தைவான்காரருக்கு. லாசர் ஏழாவது இடம், இந்தியரில் முதலாவது. செயலாளர் உறையை நீட்டினார். “சிங்கப்பூருக்கு விமான டிக்கெட், ஒருவருக்கு. பை தூக்க அங்கே ஆள் கிடைப்பான்.”

“கப்பலுக்கு மாத்தித் தருவீயளா சார்? மெட்ராஸ்லேர்ந்து போவுதுல்லா. இந்தக் காசுக்கு மேல்தட்டுல ரெண்டு பேரு போலாம்னு சொல்லுதாங்க.”

“விமானத்தில் சில மணி நேரம். கப்பலில் ஒரு வாரம் ஆகும், தெரியுமா?”

“கடல்தானே சார்” என்றார் லாசர்.

திங்கட்கிழமை, காலை பத்து மணி. பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பயண ஏஜெண்ட் அலுவலகத்தில் இருவரும் பாஸ்போர்ட் மனு எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மூன்று நாளில் நான் எந்த உடுப்பையும் கவனிக்கவில்லை, பத்திரிகை ஆசிரியர் இதைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் வேறு பத்திரிகைக்கு அனுப்புவேன். எங்கள் பள்ளியில் ஓடி ஜெயித்த பிள்ளைகளை மட்டும் மேடையேற்றி, மற்றவர்களைக் கைதட்டச் சொல்லிப் பழகியவள் நான். அந்தப் பழக்கம் இனிமேல் சரிப்படாது என்று படியேறும்போது தோன்றியது.

குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டிருந்தார். லாசரின் மனு முடிந்து அந்தோணியின் மனு ஓடியது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர் எல்லாம் ஆயிற்று. “தொழில்?” என்று கேட்டார்.

அந்தோணி தலையைச் சொறிந்தார். “கூலின்னு போடுங்க.”

லாசர் மேஜைமேல் கையை ஊன்றினார். “எனக்கு என்ன போட்டீரு?”

“கோல்ஃப் ஆட்டக்காரர்.”

“அவருக்கும் அதையே அடியும்.”