கலைமணி சொன்ன தகவல்

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டோர ஊர் ஒன்றில் கலைமணியும் அவள் கணவன் தர்மனும் நிலக்கடலை போட்டுப் பிழைத்தார்கள். காட்டுப்பன்றிக்குப் பயந்து தர்மன் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தான். தேர்தல் அறிவித்ததும் விதிப்படி அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தான். அதே வாரம், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று போலீசார் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். ஊரில் பலர் வைத்தார்கள். பக்கத்து நிலத்து முனியப்பன் துருப்பிடித்த ஒன்றை வைத்துவிட்டு, நல்லதை வைக்கோல் போரில் செருகினான்.

கலைமணி பார்த்துவிட்டாள். முந்தின வருஷம் அவன் குடித்துவிட்டுச் சுட்டதில் அவளுடைய சினையாடு குடல் சரிந்து செத்தது. நேரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். போலீசார் வந்து போரைக் கலைத்தபோது துப்பாக்கி காட்டுக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை, கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தர்மன் எதிரே முனியப்பன் துப்பாக்கியோடு வந்து நின்றான்.

"போலீசுக்கு நீதானடா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. மொதல்ல அதக் கீழ போடு."

வெடித்தது. தர்மனின் வலது கையில் சதை பிய்ந்து எலும்பு துருத்தியது. சேற்றில் விழுந்து துடித்தான். முனியப்பன் மறுபடி குழலில் வெடிமருந்தைக் கொட்டிக் கம்பியால் இடிக்கத் தொடங்கினான். களை வெட்டிக்கொண்டிருந்த கலைமணி அதற்குள் ஓடிவந்து களைக்கொத்தை அவன் தோளில் இறக்கினாள். இரத்தம் அவள் முகத்தில் தெறித்தது.

"அவரு இல்லடா! நாந்தான் சொன்னேன், நாந்தான்!"

அவன் விழுந்த பிறகும் அடித்தாள். அக்கம்பக்கத்தார் பிடித்து இழுத்திராவிட்டால் கொன்றிருப்பாள்.

தர்மனின் கையை முழங்கையோடு எடுத்தார்கள். கடத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த கலைமணியின் அண்ணன் ரஞ்சித்குமார் பொருமினான். "சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரு குடுத்துட்டு வெறுங்கையோட நின்னாரு. கட்டுப்படாதவன் சுட்டுட்டான். இதுல தடை போட்டு யாருக்கு என்ன லாபம்?"

"மரத்தடியில கெடந்ததெல்லாம் அன்னிக்கு ஊருக்குள்ள இருந்திருந்தா? அவன் பங்காளிங்களும் எடுத்துட்டு வந்திருப்பாங்கண்ணா. என் கையில ஒண்ணு இருந்திருந்தா அவன் பொணம், நான் ஜெயிலு."

"அப்ப இந்தக் கை?"

கலைமணி அழுதாள்.

தேர்தல் முடிந்ததும் துப்பாக்கியைத் திரும்ப வாங்க தர்மன் கிளம்பினான். "அது வூட்டுக்குள்ள வந்தா நான் இருக்க மாட்டேங்க" என்றாள். இரண்டு நாள் போனது. பிறகு அவன் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வந்தான், அரை மனதோடு.

முனியப்பன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். அவன் நிலத்தைத் தாண்டும்போது கலைமணி வைக்கோல் போரை ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள். ஆனால் வேறு வழியாகப் போவதில்லை.